கப்பலடியில் லொறி தேங்கினால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

திருகோணமலையில் யூரியாக் கப்பல் வந்து கட்டியதும் முதலில் தொலைபேசி அடிப்பது கல்முனையிலோ ஏறாவூரிலோ இருக்கிற லொறிக்காரருக்குத்தான். நம்மட கரையில் கப்பல் வராது. ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. ஆனால் அதன் வாயை மணல் மூடிக்கொண்டே இருப்பதால் பெரிய சரக்குக் கப்பலை அங்கே நினைக்கவே முடியாது. ஆகவே மட்டக்களப்பு, அம்பாறை வயல்களுக்குப் போகும் உரம் திருகோணமலையில் இறங்கி, ஏ15 வீதியால் வெருகல், வாகரை, ஓட்டமாவடி தாண்டித்தான் வரவேண்டும். 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தி, பிறகு அந்த வருட நவம்பரில் தடையை எடுத்தார்கள். அந்தப் பெரும்போகத்தைக் கண்ட எவருக்கும், பயிர் கேட்கிற கிழமையில் உரம் வந்து சேராவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இது லொறிகளை ஒழுங்கு செய்பவர்களுக்காக எழுதுவது. கப்பல் முகவரின் வேலையோ கிறேன் ஓட்டுபவரின் வேலையோ இதில் இல்லை. கையில் கொப்பியும் போனும் வைத்துக்கொண்டு, 20 சாரதிகளுக்கு எப்போது வா, எப்போது போ என்று சொல்லுகிற ஆளுக்கு வரும் சிக்கல்கள் மட்டும்தான். உங்கள் இடத்தில் தெரியும் அறிகுறியைத் தேடி அந்தப் பகுதிக்குப் போகலாம். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது.

முதலில் ஒரு லொறியின் நேரத்தை எழுதுங்கள்

எந்தச் சிக்கலானாலும் முதல் யோசனையாக வருவது “இன்னும் ஆறு லொறி கூப்பிடுவோம்” என்பதுதான். அதற்கு முன் ஒரே ஒரு லொறியைப் பிடித்து, அது ஒரு முழுச் சுற்று ஓடி முடியும்வரை நேரம் எழுதுங்கள். சாரதியிடம் கேட்டு எழுதினால் சரிவராது, அவருக்கு எல்லாமே “அரை மணித்தியாலம்”தான். கூடவே ஏறிப் போங்கள்.

ஒரு தடவை நான் அப்படிப் போய் எழுதிய கணக்கை இங்கே தருகிறேன். கப்பலடியில் இரண்டு ஹொப்பர் (கிறேன் அள்ளிக் கொட்டுவதை லொறிக்குள் இறக்கும் பெரிய புனல்), 15 டொன் ஏற்றும் 10 சில்லு டிப்பர்கள் 21, துறைமுகத்துக்கு வெளியே 15 நிமிட ஓட்டத்தில் களஞ்சியம். காலை 8.10க்கு வாயிலுக்கு வந்தோம். வெற்று எடை போட்டு முடிந்தது 8.48க்கு. ஹொப்பருக்குக் கீழே நின்றது 8.52க்கு, நிறைந்தது 9.00க்கு. படங்கு போட்டு இழுத்துக் கட்டியது 9.04. நிறை எடை போட்டு வெளியே வந்தது 9.31. களஞ்சியம் 9.46. கொட்டத் தொடங்கியது 9.50, முடிந்தது 10.00. திரும்பவும் வாயிலில் 10.16.

மொத்தம் 126 நிமிடம். தராசில் முதல் தடவை 35 நிமிடமும் இரண்டாம் தடவை 24 நிமிடமும் வரிசையில் நின்றோம், களஞ்சியத்தில் 4 நிமிடம். சேர்த்தால் 63. சரி பாதி நேரம் சும்மா நின்றிருக்கிறோம், அதுவும் ஏறத்தாழ முழுவதும் ஒரே இடத்தில்.

இந்த ஒரு தாள் இல்லாமல் கீழே உள்ள எதையும் தொடாதீர்கள். எங்கே நிற்கிறது என்று தெரியாமல் லொறி கூட்டுவது, எந்தப் பல் வலிக்கிறது என்று பார்க்காமல் பிடுங்குவது போன்றது.

கிறேன் சும்மா நிற்கிறது, ஆனால் வீதியெல்லாம் நம் லொறி

இதுதான் அதிகம் வரும் சிக்கல். பார்க்கிறவர்களுக்கு விளங்காததும் இதுதான். ஹொப்பருக்குக் கீழே லொறி இல்லை, கிறேனின் கிராப் வாளி காற்றில் தொங்குகிறது, கப்பல்காரர் கத்துகிறார். வெளியே போய்ப் பார்த்தால் 12 லொறி நிற்கிறது.

மேலே உள்ள கணக்கையே எடுங்கள். ஹொப்பர் ஒன்று 8 நிமிடத்தில் ஒரு லொறியை நிரப்பும். இரண்டும் சேர்ந்தால் 4 நிமிடத்துக்கு ஒன்று, மணிக்கு 15. ஆனால் தராசு ஒன்றுதான். ஒரு லொறி ஒவ்வொரு சுற்றிலும் அதில் இரண்டு தடவை ஏறுகிறது, வெறுமையாக ஒரு தடவை, நிறைந்து ஒரு தடவை. ஒவ்வொன்றுக்கும் 3 நிமிடம். அப்படியானால் லொறி ஒன்றுக்கு 6 நிமிடம், மணிக்கு 10 லொறிதான் தராசைத் தாண்டும். ஹொப்பருக்கு 15 வேண்டும், தராசு 10 விடுகிறது. கிறேன் காத்திருக்கத்தானே செய்யும்?

இந்த நிலையில் இன்னும் 6 லொறி கூப்பிட்டால் என்ன நடக்கும்? சுற்றில் இருக்கும் லொறிகளின் எண்ணிக்கை என்பது, மணிக்குத் தாண்டும் லொறிகளை ஒரு சுற்றுக்கு எடுக்கும் மணித்தியாலத்தால் பெருக்கினால் வருவது. ஜோன் லிட்டில் என்பவர் 1961இல் நிறுவிய விதி இது. வங்கி வரிசைக்கும் பொருந்தும், லொறி வரிசைக்கும் பொருந்தும். 21 லொறியை மணிக்கு 10ஆல் வகுத்தால் 2.1 மணித்தியாலம், அதாவது 126 நிமிடம். நான் கூடப்போய் எழுதிய நேரமும் அதே. லொறி 27 ஆனால் சுற்று 162 நிமிடம் ஆகும். இறங்கும் உரம் ஒரு டொன்கூடக் கூடாது. கூடப்போவது வாடகையும், வெயிலில் நிற்கிற சாரதியின் எரிச்சலும்தான்.

செய்யவேண்டியது வேறு. ஒவ்வொரு சுற்றுக்கும் வெற்று எடை போடுவதை விட்டு, ஷிப்ட் தொடக்கத்தில் ஒரு தடவை போட்டு, அந்த எண்ணை லொறி இலக்கத்தோடு பதிந்து வையுங்கள். அதன்பின் நிறை எடை மட்டும். இதற்குச் சரக்குக்குச் சொந்தக்காரரும் அளவை பார்க்கும் சர்வேயரும் எழுத்தில் சம்மதிக்கவேண்டும். கப்பல் கட்டுவதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள். இடைநடுவில் கேட்டால் எல்லாரும் சந்தேகப்படுவார்கள். அவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி ஒன்று இருக்கிறது: டீசல் அடித்தால் எடை மாறாதா? மாறும். 200 லீற்றர் டீசல் ஏறத்தாழ 170 கிலோ, மூன்று உரப்பையை விடக் கூட. ஆகவே டீசல் அடித்தபின்பே வெற்று எடை எடுக்கவேண்டும், ஒவ்வொரு ஷிப்டிலும் திரும்ப எடுக்கவேண்டும். எடை போடும்போது கிளீனர் உள்ளே இருந்தால் எல்லாத் தடவையும் உள்ளே இருக்கவேண்டும்.

இதைச் செய்ததும் ஒரு லொறிக்குத் தராசில் 3 நிமிடம்தான் போகும். அது மணிக்கு 20 விடும், ஹொப்பரின் 15 தாராளமாகப் போகும். மணிக்கு 150 டொன் இறங்கிய இடத்தில் 225 டொன் இறங்கும். 20,000 டொன் கப்பலுக்கு 133 வேலை மணித்தியாலம் என்பது 89 ஆகும். சுற்றில் காத்திருப்பில்லாத 63 நிமிடத்தில் வெற்று எடையின் 3 நிமிடம் குறைந்தால் 60 நிமிடம், 4 நிமிடத்துக்கு ஒன்று, ஆகவே 15 லொறி போதும். பழுதுக்கென்று இரண்டு சேருங்கள். மிச்சம் நாலு லொறியை மட்டக்களப்புக்கு அனுப்பலாம்.

மணிக்கு 15 வேண்டிய இடத்தில் 20 விடும் தராசு எதற்கு, 16 விட்டால் போதாதா என்று ஒரு முதலாளி கேட்டார். போதாது. லொறிகள் மணிக்கூடு போல ஒழுங்காக வருவதில்லை. இப்படி ஒழுங்கில்லாமல் வரும் இடத்தில், பொதுவான வரிசைக் கணக்குப்படி, தராசு தன் சக்தியில் 75 சதவீதம் வேலை செய்தால் சராசரியாக 3 லொறி அங்கே இருக்கும், 90 சதவீதமானால் 9 இருக்கும். கொஞ்சம் நெருக்கினால் கொஞ்சம்தான் கூடும் என்று நினைக்கிறோம், வரிசை அப்படிக் கூடுவதில்லை.

எல்லா லொறியும் ஒன்றாக வருகிறது, ஒன்றாகப் போகிறது

அரை மணித்தியாலம் யாரும் இல்லை, பிறகு ஒரே நேரத்தில் ஏழு பேர். தராசு சரி, ஹொப்பரும் சரி, எண்ணிக்கையும் போதும். ஆனாலும் இப்படி நடக்கும்.

காரணம் பெரும்பாலும் சாப்பாடு. 12.30க்கு ஒருவர் கடையில் நிறுத்தினால் பின்னால் வருபவரும் நிறுத்துவார். எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டு எல்லாரும் சேர்ந்து புறப்பட்டால், அந்தக் கூட்டம் பொழுதுபடும்வரை கலையாது. சாப்பாட்டை 11.30, 12.15, 1.00 என்று மூன்றாகப் பிரித்து, யாருக்கு எப்போது என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகிறவர்களை இந்த ஒழுங்குக்குள் முதலில் வையுங்கள். அந்த நேரத்தில் ஓட மற்றச் சாரதிகள் தயாராக இருக்கவேண்டும். நம் பகுதியில் இரண்டு பக்கத்து ஆட்களும் கலந்து வேலை செய்வதில் இது ஒரு நன்மை. வெள்ளிக்கிழமை மதியம் தமிழ்ச் சாரதிகள் பிடிப்பார்கள், வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்குக்கு அவர்கள் ஊருக்குப் போகும்போது முஸ்லிம் சாரதிகள் பிடிப்பார்கள். யாரும் சொல்லித் தராமலே ஆட்கள் இதைச் செய்துகொள்வார்கள். ஒழுங்கு செய்பவர் அதைக் குழப்பாமல் விட்டாலே போதும்.

கூட்டம் சேர்ந்துவிட்டால், வாயிலில் கலைக்க முடியாது. துறைமுகத்துக்கு வெளியே லொறி நிறுத்தக்கூடிய ஒரு இடத்தைப் பிடித்து, அங்கே ஒரு ஆளை வைத்து, 4 நிமிடத்துக்கு ஒன்றாக விடுங்கள். விடும் அதிகாரம் அந்த ஒரு ஆளுக்கு மட்டும்தான். வட்ஸ்அப் குழுவில் ஐந்து பேர் “வா வா” என்று போட்டால் முழுக் கூட்டமும் திரும்ப வாயிலில் வந்து நிற்கும்.

பகலில் ஓடுகிறது, ஷிப்ட் மாறும்போது விழுகிறது

இறங்கிய அளவை மணிவாரியாக எழுதிப் பாருங்கள். ஷிப்ட் மாறும் மணிகளில் மட்டும் பள்ளம் தெரிந்தால், வருகிற சாரதி களஞ்சியத்தில் நிற்கிறார், லொறி கப்பலடியில் நிற்கிறது என்று அர்த்தம். ஒரு மாற்றத்துக்கு 45 நிமிடம் போனால், மூன்று மாற்றத்தில் 2¼ மணித்தியாலம், மணிக்கு 225 டொன் கணக்கில் 500 டொன்னுக்கு மேல். லொறிகளை மூன்று குழுவாக்கி, குழுவுக்குக் குழு 20 நிமிடம் தள்ளி மாற்றுங்கள். மாற்றும் இடம் எப்போதும் களஞ்சியத்தின் வெளிவாயில். வெறும் லொறி, இயந்திரம் ஓடியபடி, ஆள் மட்டும் மாறுவது, அவ்வளவுதான்.

மழை வந்தால் எல்லாம் குழம்புகிறது

பெரும்போக உரம் வருகிற மாதங்களும் வடகீழ்ப் பருவமழையும் ஒன்றாகத்தான் வரும், அதை மாற்ற முடியாது. 30 பாகை வெப்பத்தில் காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 73 சதவீதத்தைத் தாண்டினாலே யூரியா காற்றிலிருந்து நீரை இழுக்கத் தொடங்கிவிடும். துளி விழவே தேவையில்லை. மழை கறுத்ததும் கப்பலின் சரக்கறைக்கு மேலிருக்கும் ஹட்ச் மூடிகளை இழுத்துவிடுவார்கள்.

அந்த நேரத்தில் லொறிக்காரர் செய்யவேண்டியவை மூன்று. நிறைந்த லொறிகளை உடனே களஞ்சியத்துக்கு அனுப்புங்கள், வரிசையில் வைக்காதீர்கள். வெறும் லொறிகளின் சாரதிகளைப் படுக்க விடுங்கள். ஹட்ச் மூடிய நேரத்தையும் திறந்த நேரத்தையும் எழுதி, கப்பல் தரப்பிடம் அன்றன்றே கையொப்பம் வாங்கும்படி முகவருக்கு நினைவூட்டுங்கள். பல ஒப்பந்தங்களில் மழை நேரம் சரக்கு இறக்கக் கொடுத்த காலத்தில் சேராது. ஆனால் கொடுத்த காலம் முடிந்து டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஓடத் தொடங்கிவிட்டால், அதன்பின் பெய்கிற மழைக்குப் பொதுவாகக் கழிவு கிடையாது. அதனால்தான் தொடக்கத்தில் வெயில் நேரத்தை வீணாக்கக்கூடாது, வேலை அந்தக் கட்டணக் காலத்துக்குள் இழுபட்டால் மழைக்கும் காசு கட்டவேண்டி வரும். வெயில் இருக்கும்போது ஓடிவிடவேண்டும்.

மட்டக்களப்புக்குப் போன லொறி திரும்பி வரவில்லை

இனி நீண்ட ஓட்டம், களஞ்சியத்தில் பையிலிட்ட உரத்தோடு. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு ஏ15 வழியாக ஏறத்தாழ 130 கிலோமீட்டர். 10 டொன் லொறியில் 50 கிலோப் பை 200. ஏற்ற முக்கால் மணித்தியாலம், பத்திரம் எழுத அரை, ஓட மூன்றரை, இறக்குமிடத்தில் ஒன்றரை, திரும்ப மூன்று. மொத்தம் 9¼ மணித்தியாலம். தாளில் பார்த்தால் காலையில் போனது பின்னேரம் திரும்பவேண்டும். ஆனால் மறுநாள் பின்னேரம்தான் வருகிறது.

போன் எடுத்து “எங்க நிக்கிறீங்க?” என்று கேட்டால் பதில் கமநல சேவை நிலையத்தின் வாசலிலிருந்து வரும். அங்கே இறக்குகிற ஆட்கள் ஒரு குழுதான். ஒரு லொறிக்கு ஒன்றே கால் மணித்தியாலம் என்று வைத்தால், காலை 8.30இலிருந்து 4 மணிவரை 6 லொறி. நடுவில் சாப்பாடு, மழை. உண்மையில் ஐந்து. நீங்கள் ஒன்பது அனுப்பியிருந்தால் நாலு அங்கேயே இராத்தங்கும். அந்த நாலையும் கப்பலும் இழக்கிறது, மறுநாளின் ஐந்தில் நாலு இடத்தையும் அவை பிடித்துக்கொள்கின்றன. மூன்றாம் நாள் புதிதாக வரும் லொறி எதையும் இறக்க முடியாது.

ஆகவே அட்டவணையைக் கப்பலிலிருந்து எழுதாதீர்கள், களஞ்சியக் கதவிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் முதல் நாள் பின்னேரமே பேசி, நாளைக்கு எத்தனை இறக்குவீர்கள், ஆட்கள் உண்டா, இடம் உண்டா என்று கேட்டு எழுதுங்கள். நாளை போயாவா, சனியா, வெள்ளியா என்று பாருங்கள். கரடியனாறுக்கு ஐந்து, வவுணதீவுக்கு நாலு, சம்மாந்துறைக்கு ஐந்து என்று கிடைத்தால் அன்றைக்கு 14 லொறிதான் நீண்ட ஓட்டத்துக்கு. மிச்ச உரம் திருகோணமலைக் களஞ்சியத்தில் இருக்கட்டும். கப்பலை வெறுமையாக்குவது ஒரு வேலை, ஊருக்குக் கொண்டுபோவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே லொறியால் ஒரே மூச்சில் செய்ய நினைத்தால், தூரத்துக் களஞ்சியத்தில் ஒரு திறப்புக்காரர் வராத நாளில் கப்பலும் நின்றுவிடும்.

சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் கூட. காலை 8.30க்குக் கதவடியில் நிற்கவேண்டுமென்றால் விடியச்சாமம் 3.30க்குப் புறப்படவேண்டும், அது ஆபத்தான நேரம். அதற்கு நான் கண்ட நல்ல வழி, கல்முனைச் சாரதிகளின் லொறிகளை மதியத்துக்குப் பிறகு ஏற்றுவது. 4 மணிக்குப் புறப்பட்டால் இரவு 9 மணிக்குள் ஊர். சரக்கோடு லொறியைக் களஞ்சிய வளவுக்குள் விட்டுக் காவலாளியிடம் கையொப்பம் வாங்கிவிட்டு, சாரதி தன் வீட்டில் போய்ச் சாப்பிட்டுப் படுப்பார். காலை 8.30க்கு முதல் லொறி அவருடையது. வெறும் லொறியோடு 10 மணிக்குப் புறப்பட்டு 2 மணிக்குத் திருகோணமலை. லொறி நாளுக்கு ஒரு ட்ரிப் ஓடுகிறது, சாரதியும் ஒவ்வொரு இரவும் வீட்டில் படுக்கிறார். இதற்கு ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை. வளவுக்குள் லொறி விட அனுமதி மட்டும் வேண்டும்.

திரும்பும்போது நெல் அல்லது அரிசி ஏற்றினால் காசு வருமே என்று கேட்பார்கள். கப்பல் நிற்கிற நாட்களில் வேண்டாம். ஆலையில் ஏற்றக் காத்திருக்கும் நேரம் டீசல் காசைவிடக் கூட. உரம் ஏற்றிய பெட்டியைக் கழுவிக் காயவைக்காமல் அரிசி ஏற்றவும் கூடாது.

வழக்கமான நேரம், ஆனால் இன்று எல்லாரும் பிந்துகிறார்கள்

வீதியைப் பாருங்கள். மகாவலி பெருகினால் வெருகல் பக்கம் நீர் ஏறும். அப்போது ஹபரணை, பொலன்னறுவை, புனானை வழியாகச் சுற்றினால் 200 கிலோமீட்டரைத் தாண்டும், இரவில் அந்தப் பாதையில் யானை வேறு. ஒரு சுற்று 14 மணித்தியாலத்துக்குக் கிட்ட வந்துவிடும். களஞ்சிய நேரத்தையும் நித்திரையையும் சேர்த்தால் ட்ரிப் ஒன்றுக்கு இரண்டு நாள். நாளுக்கு 200 டொன் போகவேண்டுமென்றால் 20 லொறி செய்த வேலைக்கு 40 லொறி தேவைப்படும். அவ்வளவு கிடைக்காது. உடனே மேலிடத்துக்குச் சொல்லி, நாளுக்குரிய அளவைப் பாதியாக்குங்கள். சொல்லத் தயங்கி, அதே அளவை அதே சாரதிகளிடம் வாங்கப் பார்ப்பதுதான் விபத்து.

சிறுபோக உரம் ஓடும் காலத்தில் இன்னொன்று. வைகாசி, ஆனி மாதங்களில் கதிர்காமப் பாதயாத்திரை அடியார்கள் இதே கரையோர வீதியால் வெருகல், மட்டக்களப்பு, பொத்துவில் என்று நடந்து போவார்கள். வெயிலுக்கு முன் நடக்க விடியச்சாமத்திலேயே இறங்கிவிடுவார்கள், கையில் விளக்கு இல்லாத வயோதிபர்களும் அவர்களுக்குள் இருப்பார்கள். அந்த நாட்களில் புறப்படும் நேரத்தைப் பொழுது விடிந்தபின் வையுங்கள். அதற்குரிய ஒரு மணித்தியாலத்தை அட்டவணையிலேயே கொடுத்துவிடுங்கள், சாரதி வேகத்தால் மீட்கவேண்டிய கடனாக வைக்காதீர்கள்.

சாரதி போனுக்குப் பதில் சொல்கிறார், ஆனால் பேச்சு இழுக்கிறது

இதை ஒரு அறிகுறியாகவே எடுக்கவேண்டும். டயர் சூடேறுவதை விட முக்கியமானது.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை செய்த இடத்தில் ஒரு ஏறாவூர்க் காக்கா, வயதில் மூத்த முஸ்லிம் சாரதி, இருந்தார். நிதானமான ஓட்டம், ஒரு நாளும் முறைப்பாடு வந்ததில்லை. கப்பல் முடிய இரண்டு நாள் இருக்கையில் அவருக்கு இரண்டாவது ட்ரிப் எழுதியது நான்தான். பின்னேரம் ஆறு மணிக்குக் கேட்டேன்.

“ஏலுமா காக்கா?”

“ஏலும் தம்பி, போட்டு வாறன். நீங்க எழுதுங்க.”

அதிகாலை இரண்டு மணிக்குப் பிறகு பனிச்சங்கேணிப் பாலத்துக்குக் கிட்ட லொறி வீதியை விட்டு இறங்கிச் சரிந்தது. அல்லாஹ் காப்பாற்றினான் என்று அவர் சொன்னார், கை ஒன்று முறிந்ததோடு போனது. உரப்பைகள் சேற்றில் கிடந்தன. நான் போகும்போது அவர் வீதியோரம் உட்கார்ந்திருந்தார், முறிந்த கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு. என்னைக் கண்டதும் முதலில் கேட்டது, “பை எத்தின நனஞ்சிட்டு தம்பி?”

பிறகு என் கொப்பியைத் திறந்து பார்த்தேன். ஆறு மணிக்கு அந்த ட்ரிப்பை எழுதும்போது அதில் அவருடைய வேலை நேரம் 8 மணித்தியாலம்தான். பிழை அதில்தான் இருந்தது. நான் எழுதியது அவர் ஷிப்ட் தொடங்கிய நேரத்தை. அவர் கண் விழித்தது அன்றைய சுபஹுத் தொழுகைக்கு முன். பஸ்ஸில் திருகோணமலைக்கு வந்து, பத்து மணிக்குத்தான் லொறியில் ஏறினார். வீதியை விட்டு இறங்கும்போது அவர் 21 மணித்தியாலத்துக்கு மேல் விழித்திருந்தார். 17 மணித்தியாலம் நித்திரை இல்லாதவரின் கவனம், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் கவனத்துக்குச் சமமாகக் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 24 மணித்தியாலத்தில் அது 0.10 அளவு. வாழ்நாளில் ஒரு துளி குடிக்காத மனிதரை நான் அந்த நிலையில் வீதிக்கு அனுப்பினேன்.

ஆகவே கொப்பியில் ஒரு நிரல் கூட்டுங்கள்: கண் விழித்த நேரம். ஒவ்வொரு சாரதியிடமும் வேலை தொடங்கும்போது “எத்தின மணிக்கு எழும்பினீங்க?” என்று கேட்டு எழுதுங்கள். அதிலிருந்து 15 மணித்தியாலத்துக்குள் லொறி நின்றிருக்கவேண்டும். அந்த எல்லையைத் தாண்டும் ட்ரிப்பை எழுதவே வேண்டாம். “ஏலுமா?” என்று கேட்பதை விட்டுவிடுங்கள். பிள்ளைகளின் செலவு தலைக்குமேல் நிற்கிற மனிதர் ஏலாது என்று சொல்லமாட்டார். ட்ரிப்புக்கு இவ்வளவு என்று மட்டும் கூலி கொடுத்தால் அவர் தூங்கவும் மாட்டார். நாட்சம்பளம் ஒன்றை அடியாக வைத்து, ட்ரிப் காசை மேலே கொடுக்கும்படி முதலாளியிடம் கேளுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிப்படி, நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிடம் நிற்கவேண்டும், வழக்கமாக நாளுக்கு 9 மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. நம் ஓட்டத்துக்கு இதை அப்படியே எடுக்கலாம். சம்மாந்துறை போய்வருவதே எட்டரை மணித்தியால ஓட்டம், அதற்குமேல் இடமில்லை. மட்டக்களப்புக்கு இரண்டு ட்ரிப் ஓடவேண்டிய கட்டாயம் வந்தால் லொறி ஓடட்டும், ஆள் மாறவேண்டும். ஓட்டமாவடியில் மாற்றுவது நல்லது. இரண்டு பக்கத்துக்கும் பஸ் உண்டு, சாப்பாட்டுக்கடை உண்டு, வரும் சாரதிக்கு வீடும் கிட்ட.

அதிகாலை 2 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் நீண்ட ஓட்டம் எழுதாதீர்கள். கப்பலடியில் குறுகிய ஓட்டம் இரவில் ஓடலாம், ஏனென்றால் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை இறங்கி ஏறுகிறார்கள், ஆட்கள் கண்முன் இருக்கிறார்கள், பேச்சு இழுத்தால் உடனே தெரியும். நோன்பு மாதத்தில் இதைத் திருப்பி யோசிக்கவேண்டும். நோன்பு பிடிக்கிறவர்களுக்குப் பின்னேரம் 3 மணிக்குப் பிறகு நீண்ட ஓட்டம் வேண்டாம், ஸஹர் முடிந்து வெளிச்சம் வந்ததும் புறப்படுகிற முதல் வரிசையை அவர்களுக்குக் கொடுங்கள்.

பைக் கணக்கு பொருந்தவில்லை

ஏற்றும்போது 200, இறக்கும்போது 198. சாரதியைச் சந்தேகிக்கமுன் ஏற்றிய இடத்தில் எண்ணியவர் யார், எப்படி எண்ணினார் என்று பாருங்கள். ஷிப்ட் மாறிய நேரத்தில் ஏற்றிய லொறிகளில்தான் இந்தப் பிழை அதிகம். ஒரு வரிக்கு இத்தனை, இத்தனை வரி என்று அடுக்கை நிரந்தரமாக வைத்தால் எண்ணவே தேவையில்லை, பார்த்தாலே தெரியும். படங்கு கட்டுமுன் போனில் பின்பக்கத்தைப் படம் பிடித்து, லொறி இலக்கம் தெரியும்படி அனுப்பச் சொல்லுங்கள்.

எல்லாம் செய்தும் கிறேன் நிற்கிறது

அப்படியானால் திரும்பவும் ஒரு லொறியில் ஏறிப்போய் நேரம் எழுதுங்கள். தராசைச் சரிசெய்தால் இடைஞ்சல் வேறு இடத்துக்குப் போயிருக்கும், பெரும்பாலும் களஞ்சியத்துக்கு. கொட்டிய உரத்தைத் தள்ளும் லோடர் ஒன்றுதான் இருந்தால், குவியல் உயர உயர லொறி கொட்ட இடமில்லாமல் நிற்கும். அதற்கு முதல் நாளிலேயே இரண்டு வாசல் திறக்கக் கேளுங்கள், ஒன்றில் கொட்ட, மற்றதில் தள்ள. ஹொப்பரின் கீழ்வாயில் யூரியா கட்டிபட்டு 8 நிமிடம் 14 ஆகியிருக்கவும் கூடும். அதை லொறிக்காரர் தீர்க்க முடியாது. ஆனால் எழுதிய நேரத் தாளைக் காட்டினால் கப்பலில் சரக்கு இறக்கும் ஸ்டீவடோர் தரப்பு மறுக்கவும் முடியாது.

காக்காவுக்கு இப்போது கை சுகம். அவர் ஓட்டமாவடியில் மாறுகிற சாரதிகளில் ஒருவர். அங்கே லொறியை எடுக்குமுன், நான் கேட்காமலே, “நாலரைக்கு எழும்பினன், எழுதுங்க” என்பார்.